குடிக்காத அக்காவின் குடிப்பாட்டு

அக்கா,

போன சனிக்கிழமை ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் திரைச்சீலைக் கம்பி வாங்கப் போயிருந்தேன். என்னைவிட உயரமான கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வரிசையில் நின்றபோது, கூரை ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பியானோ கேட்டது. சுருதி கலைந்த, தகரத்தில் ஆணி விழுவது போன்ற சத்தம். யாரோ துணிச்சலாக வாசிக்கிறான் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் அது என் கை என்று பிடிபட்டது. அதற்குள் நீங்கள் பாடத் தொடங்கிவிட்டீர்கள்.

‘ஈரச் சப்பாத்து’. உங்கள் தமிழில் சப்பாத்து என்றால் காலணி. வடக்கு மீன்பிடி ஊர்க்காரர்களின் நோர்வீஜிய மொழியில், ஒவ்வொரு சொல்லையும் அடுத்த சொல்லின் மேல் சாயவிட்டு நீங்கள் பாடிக்கொண்டிருந்தீர்கள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்த கல்லாப் பெண், இந்தப் பாட்டுக்காரர் இறந்துவிட்டார் தெரியுமா என்று கேட்டாள். பாடும்போதே நோய் வந்துவிட்டதாம், நாக்கு இழுப்பது கேட்கிறது பாருங்கள், எனக்கு இதைக் கேட்டாலே அழுகை வரும் என்றாள். நல்ல பெண். கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. இது ஆடுவதற்கு எழுதிய பாட்டு என்று சொல்ல நினைத்தேன். அட்டையை நீட்டிவிட்டுக் கம்பியோடு வெளியே வந்தேன். பனி கொட்டிக்கொண்டிருந்தது.

நீங்கள் எது வேண்டாம் என்றீர்களோ அதுதான் நடந்திருக்கிறது அக்கா. அதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வேறு யாரிடம் சொல்வது?

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டது ஹவுகன்ஸ்டுவாவில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவில். நான் ஒஸ்லோவுக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. பகலில் கணினி வேலை, மாலையில் வெஸ்ட்லியில் ஒரு மேல்மாடி அறை, அவ்வளவுதான் வாழ்க்கை. பாளையங்கோட்டையில் தேவாலயத்தில் சிறு வயதிலிருந்தே கீபோர்டு வாசித்தவன் என்று யாரோ கேள்விப்பட்டு, விழாவில் சினிமாப் பாட்டு வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். இடைவேளையில், பஸ் ஓட்டுநரின் சீருடையோடு, கையில் கட்லட் தட்டோடு வந்து நீங்கள் என் பக்கத்தில் நின்றீர்கள்.

“இந்தியாவோ?”

“ஆமாங்க. திருநெல்வேலிப் பக்கம்.”

“சரியான சுத்தமாய் வாசிக்கிறியள், தம்பி. கொஞ்சம் ஊத்தையாய் வாசிக்கத் தெரியுமோ?”

எங்கள் ஊரில் ஊத்தை என்ற சொல்லைப் பல்லுக்கு மட்டும்தான் சொல்வோம். நான் விழித்ததைப் பார்த்து நீங்கள் சிரித்தீர்கள். விழா முடிந்ததும் வாகன நிறுத்தத்தில் உங்கள் பழைய காரின் முன்னிருக்கையில் உட்கார வைத்து ஒரு பாட்டைப் போட்டீர்கள். ஃபிடில், அழுகிற மாதிரி வழுக்கும் ஒரு கிட்டார், அடியில் தாறுமாறாக ஒரு பியானோ. அமெரிக்க நாட்டுப்புறக் குடிக்கடைகளில் பிறந்த ஹாங்கி டாங்க் இசை. எனக்கு அதன் பெயர்கூட அன்றுதான் தெரியும்.

“வேலை முடிஞ்சு வந்த சனம், வீட்டை போக விருப்பமில்லாத சனம், அவையளுக்கான பாட்டு இது” என்றீர்கள். “அந்தப் பியானோவும் அவையளைப் போலத்தான். ஆரும் திருத்தாமல் விட்ட பியானோ. காலுக்குச் சந்தோசமாய் இருக்கும், வாயிலை முழுக்கத் துக்கம்.”

ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு இது எப்படி வந்து ஒட்டியது என்று எல்லாரும் உங்களைக் கேட்பார்கள். நீங்கள் ஒரே பதிலைத்தான் சொல்வீர்கள்: மீன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த உங்கள் குடும்பத்தை வடகோடியில் ஒரு மீன்பிடி ஊரில் குடியமர்த்தினார்கள். அப்பாவும் அம்மாவும் மீன் வெட்டும் தொழிற்சாலையில் வேலை. பள்ளி முடிந்ததும் நீங்கள் அங்கேதான் போய் உட்கார்ந்திருப்பீர்கள். குளிரும் கத்திச் சத்தமும் தெரியாமல் இருக்க மேற்பார்வையாளர் நாள் முழுவதும் அமெரிக்க கண்ட்ரி இசைக் கசெட் போடுவாராம். நோர்வீஜிய மொழி வருவதற்கு முன்பே உங்களுக்கு அந்த இழுவை வந்துவிட்டது. பிறகு ஒஸ்லோவுக்கு வந்தும், பேசினால் வடக்கு ஊர்க்காரியாகத்தான் இருந்தீர்கள். பஸ்ஸில் ஏறும் கிழவிகள் உங்கள் குரலைக் கேட்டு உங்கள் முகத்தை இரண்டாம் முறை பார்ப்பார்களாம்.

ஆர்னே உங்களுக்கு அறிமுகமானதும் பஸ்ஸால்தான். பெரிய வண்டி ஓட்ட உங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஓட்டுநர் பயிற்சிக்காரர் அவர். பாடத்தின் நடுவே நீங்கள் முணுமுணுத்த பாட்டைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டச் சொன்னாராம். வீட்டில் அவரிடம் ஸ்டீல் கிட்டார் ஒன்று இருந்தது. மேசை போலக் கிடத்தி வைத்து, இரும்புத் துண்டைக் கம்பிகள் மேல் வழுக்கி வாசிக்கும் அந்த கிட்டார்தான் உங்கள் காரில் நான் கேட்ட அழுகை. நீங்கள், ஆர்னே, ஒரு ஃபிடில்காரர், டிரம்மும் பாஸும் வாசிக்கும் சகோதரர் இருவர், கடைசியாக நான், இதுதான் நம் குழு.

உங்கள் முதல் இரண்டு ஆல்பங்களையும் ஒரு கம்பெனி சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்திருந்தது. பின்னால் வயலின்கள், கோரஸ், ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்த மாதிரி. யாரும் கேட்கவில்லை. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு என்று அவர்கள் சொன்னபோது, அப்படியென்றால் என் விருப்பப்படிதான் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

அந்தத் தை மாதத்தை நான் மறக்கவே முடியாது. ஒஸ்லோவிலிருந்து வடக்கே, காட்டுப் பள்ளத்தாக்கில், ஒரு காலத்தில் சனிக்கிழமை நடனம் நடந்த மரக்கூடத்தில் பதிவு. விறகடுப்பு பக்கத்தில் மட்டும் சூடு. மூலையில் கிடந்த பியானோவைப் பார்த்ததும் சுருதி சேர்க்க ஆள் கூப்பிடலாம் என்றேன். நீங்கள் பையிலிருந்து ஒரு பெட்டி தட்டைத் தலை ஆணியை எடுத்தீர்கள். சுவரில் படம் குத்துவோமே, அந்த ஆணி. பியானோவைத் திறந்து, கம்பியைத் தட்டும் ஒவ்வொரு மரச்சுத்தியின் தலையிலும் ஆர்னே அதை வரிசையாகக் குத்தினார். நான் தலையில் கைவைத்தேன். தேவாலயப் பியானோவில் தூசி படிந்தாலே எங்கள் போதகர் ஐயர் திட்டுவார். “சுதி சேரக் கூடாது தம்பி” என்றீர்கள். “கலியாண வீட்டிலை அழுது முடிச்சிட்டுச் சாப்பிட வந்த ஆள் மாதிரி இருக்கவேணும்.”

எல்லாரும் ஒரே அறையில், ஒன்றாக, ஒரே மூச்சில். பிழை வந்தால் வரட்டும், திருத்தக் கூடாது. அது உங்கள் சட்டம்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ உங்கள் பாட்டில் ஏதோ மாறியது. சொற்கள் தாளத்துக்குப் பின்னால் வந்தன. மெய்யெழுத்துகள் முனை மழுங்கி ஒன்றோடொன்று ஒட்டின. நாலு கிளாஸ் உள்ளே போன ஒருத்தி, தான் தெளிவாகத்தான் இருக்கிறேன் என்று காட்ட முயல்வது போல இருந்தது. எங்கள் எல்லாருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. ஹாங்கி டாங்க் பாடுகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் தேடுகிற குரல் அது. ஆர்னே பாட்டு முடிந்ததும் புட்டியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்டார். “அக்கா, இப்படியே பாடுங்க. வார்த்தை லேட்டா விழுறது சூப்பரா இருக்கு” என்றேன் நான்.

“நாக்கு இண்டைக்கு என்னவோ பாரமாய்க் கிடக்கு. குளிராக்கும்” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போய் நின்றீர்கள்.

நீங்கள் மதுவைத் தொட்டதே இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். அப்பா அந்த வடக்கு ஊரின் இருட்டில் குடிக்கத் தொடங்கியவர், அம்மா போகும்வரை நிறுத்தவில்லை. ஏன் குடிப்பதில்லை என்று ஆர்னே கேட்டபோது, என்ரை பங்கையும் சேர்த்து அப்பா குடிச்சு முடிச்சிட்டார் என்று சொல்லி அவரைச் சிரிக்க வைத்தீர்கள்.

ஆல்பம் வைகாசியில் வந்தது. முதல் சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வடக்கில் ஏதோ ஒரு வானொலியில் ‘ஈரச் சப்பாத்து’ போட்டார்கள், இன்னொன்றில் போட்டார்கள், கோடை தொடங்கியபோது பெட்ரோல் நிலையங்களில், படகுத்துறைகளில், லாரிகளில் எல்லாம் நீங்கள்தான். குளிர்கால நடனக் கூடத்துக்கு ஒருவன் ஈரச் சப்பாத்தோடு வருகிறான். மனைவி ஆடக் கூப்பிடுகிறாள். சப்பாத்து காயட்டும் என்று அடுப்படியில் உட்கார்ந்து குடிக்கிறான். அவள் வேறொருவனோடு ஆடிக்கொண்டே கதவு வழியாகப் போய்விடுகிறாள். அவனுக்குச் சப்பாத்து காய்ந்து முடிகிறது. இவ்வளவு துயரமான கதையைக் கேட்டு ஒரு நாடே எழுந்து ஆடியது. பத்திரிகைகள் எழுதின: இந்தப் பெண்ணுக்குக் கிளாஸின் அடிப்பாகம் எப்படி இருக்கும் என்று தெரியும், இந்தக் குழறலை யாரும் சொல்லிக்கொடுக்க முடியாது. நீங்கள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பஸ் டிப்போவின் காப்பி அறையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

அதே கோடையில்தான் ஒரு பயணி முறையிட்டார். ஓட்டுநர் குடித்திருக்கிறார், நிறுத்தத்தின் பெயரைக்கூட ஒழுங்காகச் சொல்ல வரவில்லை என்று. உங்கள் பஸ்ஸில் அல்கோலோஸ் உண்டு. ஓட்டுநர் குழாயில் ஊத வேண்டும், மூச்சில் மது இல்லையென்றால்தான் இயந்திரம் உயிர்க்கும். நீங்கள் அன்று காலையும் ஊதியிருந்தீர்கள், வண்டி கிளம்பியிருந்தது. மேலதிகாரி மீண்டும் ஊதச் சொன்னார். சுத்தம். உங்கள் பாட்டின் ரசிகர் அவர். சங்கடத்தோடு சிரித்து, நிஜ வாழ்க்கையிலும் நடிப்பா என்று கேட்டாராம். பிறகு நீங்கள் பதில் சொன்ன விதத்தைக் கேட்டு அவர் சிரிப்பு நின்றது. வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, டாக்டரிடம் போங்கள் என்று சொன்னவர் அவர்தான்.

பிறகு ஒரு டாக்டரிலிருந்து இன்னொரு டாக்டர். ஊசிகள், படங்கள். தண்ணீர் குடித்தால் புரையேறத் தொடங்கியிருந்தது. ஆவணி தொடக்கத்தில் ஒரு மத்தியானம் நீங்கள் என்னை அழைத்தபோது நான் அலுவலகக் கூட்டத்தில் இருந்தேன். தாழ்வாரத்துக்கு வந்து பேசினேன்.

“தம்பி, எனக்குப் பெரிய வருத்தமாம்.”

உங்கள் தமிழில் வருத்தம் என்றால் நோய். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கணத்தில் எங்கள் ஊர் அர்த்தம்தான் காதில் விழுந்தது. “ஏன்க்கா வருத்தப்படுறீங்க, யாரு என்ன சொன்னா?” என்று கேட்டேன். பிறகு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, நரம்பு ஒவ்வொன்றாய் வேலையை விட்டுவிடும் நோய் என்றீர்கள். முதலில் நாக்கு, தொண்டை, பிறகு கை கால், கடைசியில் மூச்சு. மருந்து இல்லை.

“எப்பலேர்ந்து?” என்றேன்.

“தை மாசமளவிலை துவங்கியிருக்குமாம்.”

தாழ்வாரக் கண்ணாடிக்கு வெளியே ஆட்கள் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள். இருவரும் ஒரே மரக்கூடத்தை, ஒரே அடுப்பை நினைத்துக்கொண்டிருந்தோம் என்று எனக்குத் தெரியும்.

அந்த மாதக் கடைசியில் பெரிய கண்ட்ரி விழா. ஆண்டுதோறும் கேரவன்களும் பழைய அமெரிக்கக் கார்களும் திரளும் அந்த மைதானத்தில், உங்களைக் கடைசி நிகழ்ச்சியாகப் போட்டிருந்தார்கள். ரத்து செய்துவிடலாம் என்று ஆர்னே கெஞ்சினார். நீங்கள் கேட்கவில்லை. எங்கள் இருவரையும் ஹவுகன்ஸ்டுவாவில் உங்கள் வீட்டில் உட்கார வைத்து, ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்றீர்கள். அன்றைக்கும் சரி, பிறகும் சரி.

“நான் செத்தாப் பிறகும் சொல்லாதேங்கோ. வருத்தக்காரியின்ரை பாட்டெண்டு கேக்கத் துவங்கினால் ஒருத்தரும் ஆடமாட்டினம்.”

ஆர்னேவுக்கு நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையாட்டினார். நானும்.

விழாவன்று தூறல். தொப்பி போட்ட சனம் கடைசிவரை நிரம்பி நின்றது. நீங்கள் பாடியதில் பாதிச் சொல் உருவமே இல்லாமல் வந்தது. நான் விசைகளைப் பார்த்தபடியே வாசித்தேன், உங்களைப் பார்த்தால் கை நின்றுவிடும் என்று பயம். கூட்டமோ கொண்டாடியது. குழறல் கூடக்கூட ஆர்ப்பரித்தது. விட்டுப்போன சொற்களை அவர்களே பாடி நிரப்பினார்கள், இதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்று நினைத்து. முன்வரிசையில் ஒருவர் பீர்க் கோப்பையை உயர்த்தி உங்களைப் பார்த்து “ஸ்கோல்” என்றார். நீங்கள் பக்கத்திலிருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்து அவருக்கு உயர்த்திக் காட்டினீர்கள். உதடுவரை கொண்டுபோனீர்கள். அவர்கள் கைதட்டினார்கள். ஒரு சொட்டும் குடிக்காமல் திரும்ப வைத்தீர்கள். உங்களால் விழுங்க முடியாது என்பது அந்த மைதானத்தில் எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஆயிரக்கணக்கான பேர் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள், நான் பியானோவுக்குப் பின்னால் எழுந்து நிற்கக்கூட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மனிதன் அவ்வளவு சத்தத்துக்கு நடுவில் இவ்வளவு கையாலாகாதவனாக இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

மேடைக்குப் பின்னால் உங்கள் தோளில் போர்வையைப் போட்டேன்.

“நல்லாயிருந்ததோ?”

“நல்லாயிருந்துச்சுக்கா.”

“வெறிகாரி மாதிரி இருந்ததோ?” குடித்தவள் மாதிரி இருந்ததா என்று கேட்கிறீர்கள்.

“ஆமாக்கா.”

“காணும்” என்றீர்கள். போதும் என்பதற்கு உங்கள் சொல். நீங்கள் வாயால் என்னிடம் பேசியதில் எனக்குத் தெளிவாக விளங்கிய கடைசிச் சொல்லும் அதுதான்.

பனிக்காலத்துக்குள் பேச்சு முழுவதும் போய்விட்டது. தட்டச்சு செய்தால் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் இருந்தது நோர்வீஜியக் குரல் மட்டும், செய்தி வாசிப்பவர் போன்ற ஒஸ்லோப் பெண் குரல். வடக்கு இழுவை இல்லை. தமிழ் இல்லவே இல்லை. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் எதையாவது தட்டினால், இது ஆர் கதைக்கிறது என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். கருவிக்குப் பதில் சொல்ல மாட்டார். உங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழில்தான் சொல்வார். உங்கள் இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பதை நான் வாராவாரம் பார்த்தேன்.

ஒருநாள் நீங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினீர்கள், அப்பா சாப்பிட்டீங்களோ என்று. கருவி அதை நோர்வீஜிய வாயால், ஒவ்வொரு எழுத்தையும் கடித்துத் துப்பிச் சொன்னது. அப்பாதான் முதலில் வெடித்தார்.

“ஃபக்டரியிலை அந்த மேற்பார்வையாளர் இப்பிடித்தான் எங்களோடை தமிழ் கதைச்சவர், பிள்ளை.”

அவர் கண்ணீர் வரச் சிரித்தார். நீங்களும் சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கச் சிரித்தீர்கள். அதற்குப் பிறகு வேண்டுமென்றே கருவியைத் தமிழ் பேச வைத்தீர்கள். அப்பாவும் அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினார். அந்தப் பனிக்காலத்தில் நடந்த நல்லது அது ஒன்றுதான். விரல்கள் போகும்வரை அது நீடித்தது.

மூச்சுக்கு இயந்திரம் வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்திருந்தீர்கள். அடுத்த இலையுதிர் காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆர்னே என்னை அழைத்தார். அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தகனத்தன்று ஸ்டீல் கிட்டாரைக் காரில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். கீழே இறக்கவே இல்லை. தேவாரம் பாடி முடித்ததும் இருவரும் வாகன நிறுத்தத்தில் அதன் பெட்டி மேல் கைவைத்துக்கொண்டு நின்றோம்.

நாங்கள் சொல்லவில்லை அக்கா. நாங்கள் இருவரும் எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் மரண அறிவிப்பில் நோயின் பெயர் இருந்தது, ஆல்பத்தின் உறையில் பதிவு செய்த மாதம் இருந்தது. ஒரு பத்திரிகையாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். மனசாட்சியோடு, மரியாதையோடு, நன்றாகவே எழுதியிருந்தார். அந்தக் குழறல் கலையல்ல, நோயின் முதல் அடி என்று. ஒரு வாரத்துக்குள் நாடு முழுவதும் அந்தக் கட்டுரை போனது. இது நடனப் பாட்டு, அப்படியே கேளுங்கள் என்று ஆர்னே பத்திரிகைக்கு எழுதினார். அதையும் போட்டார்கள், உங்கள் சக்கர நாற்காலிப் படத்தோடு. கோபப்பட ஒரு ஆளாவது கிடைத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. எல்லாரும் அழுகிறார்கள்.

எனக்கும் அப்படித்தான் கேட்கிறது என்பதுதான் இதில் கொடுமை. காதில் மாட்டிக்கொண்டு முயன்று பார்த்திருக்கிறேன், அந்தத் தை மாதத்தில் கேட்டதுபோல இப்போதும் கேட்க முடிகிறதா என்று. முடியவில்லை. இரண்டாவது சொல்லிலேயே நரம்பு ஒன்று அறுவது தெரிகிறது. என் வாழ்நாளில் நான் வாசித்ததிலேயே நல்ல வாசிப்பு அது. அதை நினைத்து மகிழவும் வழியில்லை, தூக்கி எறியவும் மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவைப் பார்க்கப் போகிறேன். என் மனைவி குழம்பு கொடுத்தனுப்புவாள், இந்தியாக் குழம்பு உறைப்பில்லை என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். இப்போது குடிப்பதில்லை. சாப்பிட்டதும் உங்கள் ஆல்பத்தைப் போடச் சொல்வார், சத்தத்தை நன்றாகக் கூட்டி. ‘ஈரச் சப்பாத்து’ வரும்போது ஒருமுறை சொன்னார், தொழிற்சாலையின் கிறிஸ்துமஸ் விருந்தில் உங்கள் அம்மா அவரை ஆடக் கூப்பிட்டதாக. “சப்பாத்து ஈரமில்லை, தம்பி. எனக்கு ஆடத் தெரியாது. அதைச் சொல்ல வெக்கமாய்க் கிடந்தது.”

பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். போன மாதம், பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோதே அந்தப் பேச்சை எடுத்தார்.

“பேப்பர்காரருக்கு என்ன தெரியும்? நான் எத்தினை வருசம் வெறியிலை வீட்டை வந்து கதைச்சனான். பிள்ளை சின்னனிலை இருந்து அதைக் கேட்டு வளந்தவள். என்னைப் பாத்துத்தான் அவள் பிடிச்சவள், இந்த இழுவையை. கேட்டுப் பாரும், அப்பிடியே நான்தான். ஓமோ, இல்லையோ?”

டாக்டர்கள் சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்தேன். மீன் தொழிற்சாலைக் கசெட்டில் எவ்வளவு, அப்பாவின் வாயில் எவ்வளவு, நோயில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். நீங்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

“ஆமாப்பா. அப்படியே நீங்கதான்” என்றேன். அவர் திருப்தியாகச் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் ஒருவர்தான் இந்த ஊரில் அந்தப் பாட்டை வெறிகாரியின் பாட்டாகவே கேட்கிறார். உங்கள் ஆசைக்கு என்னால் முடிந்த காவல் அந்த ஒரு அறை மட்டும்தான், அக்கா.

இப்போது இங்கே தமிழ் ஆராதனையில் மறுபடி கீபோர்டு வாசிக்கிறேன். சுத்தமான கீபோர்டு, சுருதி பிசகாது. பாடகர் குழுவை நடத்தும் அம்மா மிகவும் பொறுமைசாலி. இரண்டு மூன்று வாரம் பார்த்துவிட்டு, “தம்பி, குறை நினைக்காதேங்கோ, நீங்கள் பிந்துறியள்” என்றார். மன்னிப்புக் கேட்டேன். வீட்டில் தாளக் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். வலது கை சரியாக விழுகிறது. இடது கைதான். சொல் முடியட்டும் என்று ஒவ்வொரு வரியிலும் அது ஒரு அரை மூச்சு நிற்கிறது. அந்த மரக்கூடத்தில் பழகியது. வேறு யாருடைய சொல்லும் முடிவதற்கு அவ்வளவு நேரம் எடுப்பதில்லை. என்ன செய்தும் திருத்த முடியவில்லை. சபை முழுவதும் என்னைத் தாண்டி அடுத்த அடிக்குப் போய்விடுகிறது, என் இடது கை விசைக்கு மேலே தூக்கியபடி உங்களுக்காகக் காத்து நிற்கிறது.